பழுது பார்த்தல்

கெட்டுப்போன பொருளைச் சீராக்கும் தொழிலுக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பழுது பார்த்தல்' என்பதாகும். பழுது நீக்கல் என்றோ பழுது தீர்த்தல் என்றோ சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்வாரும் உளர். ஆயினும் கடைத்தெருவிலும் பட்டறையிலும் வழங்குவது பார்த்தல் என்ற சொல்லே. கடிகாரத்தைப் பழுது பார்க்கிறோம். குடையைப் பழுது பார்க்கிறோம். வண்டியைப் பழுது பார்க்கிறோம். பார்த்தல் என்பதற்குப் பேணுதல் என்னும் பொருளும் உண்டு என்பதை நாம் மறந்துவிடவில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்ளுதல் என்கிறோமல்லவா? எனினும் சொல்லின் நேர்ப்பொருளை எண்ணும்போது, குறையைக் கண்கொண்டு காண்பதே அவ்வேலையின் முதற்பாதி என்று முன்னோர் கருதினார் போலும் எனத் தோன்றுகிறது.

அரபு மொழியிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஒழுக்கத்தைச் சீர்திருத்துவதற்கும், பிணங்கிய இருவரைச் சேர்த்து வைப்பதற்கும், உடைந்த பொருளைச் செப்பனிடுவதற்கும் 'இஸ்லாஹ்' என்னும் ஒரே சொல் வழங்குகிறது. இன்னொரு சொல் 'தர்மீம்'. பழைய கட்டடத்தையும் கலைப்பொருளையும் மீட்டுச் செப்பனிடுவதை இது குறிக்கும். இதே வேரிலிருந்து பிறந்த 'ரமீம்' என்ற சொல்லுக்கு மக்கிப்போன எலும்பு என்பது பொருள். மக்குதலும் மீட்டலும் ஒரே வேரில் கிளைத்திருப்பதை மாணவர்க்குப் பல ஆண்டுகள் பாடமாகச் சொல்லிவந்தோம். அதன் உட்பொருளை நமக்கு விளக்கிக் காட்டியதோ, நம் வீட்டுக் கொட்டகையில் சாக்குப் போர்த்தி நின்ற ஒரு பழைய மோட்டார் சைக்கிள்.

பழைய வண்டியைச் சீராக்குவது இளைஞரின் பொழுதுபோக்கு என்றும், அதில் ஆராய என்ன இருக்கிறது என்றும் சிலர் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுத்த சில நாட்களிலேயே, ஏட்டில் கண்டிராத வினாக்கள் எழுந்தன. பழைய பொருளில் எதைப் புதுக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும்? ஒவ்வோர் உறுப்பாக மாற்றிய பின்னரும் அது அதே பொருள்தானா? நாம் மாற்றியவற்றை அறியாமல் அதை விலைகொடுத்து வாங்க வருவோனுக்கு நாம் கடமைப்பட்டிருப்பது எவ்வளவு? இவற்றுள் கடைசி வினா நம் வீட்டையே ஒரு வாரம் கலக்கிவிட்டது. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

வண்டி ஒரு புல்லட். அதன் பிறப்பு வரலாறே நம் ஆராய்ச்சிக்கு ஏற்றதாக அமைந்திருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1901இல் தம் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்பீல்டு நிறுவனத்தார், 1932இல் புல்லட் என்னும் பெயரை வழங்கத் தொடங்கினர். 1955இல் அந்நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் கூடி, என்பீல்டு இந்தியா என்ற பெயரில் சென்னையில் தொழில் தொடங்கின; திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். 1962ஆம் ஆண்டளவில் எல்லா உறுப்புகளும் இந்நாட்டிலேயே ஆகலாயின. பின்னர் ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970உடன் இங்கிலாந்தில் அப்பெயரில் வண்டி செய்வதே நின்றுபோயிற்று. தாய்மரம் பட்டுப்போக, வேற்று மண்ணில் ஊன்றிய கிளை தழைத்தது. 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், 70 மில்லிமீட்டர் விட்டமும், 90 மில்லிமீட்டர் வீச்சும் உடைய அந்த ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம், வார்ப்பிரும்பு உடம்போடு ஏறத்தாழ 2010 வரை சிறுசிறு மாறுதல்களுடன் சென்னையில் ஆகிவந்தது. திருவொற்றியூரில் ஆனதை எவரும் போலி என்று சொல்லவில்லை. அச்சும் அளவும் எவரிடமிருந்து எவர் கைக்கு மாறின என்பது ஒளிவுமறைவின்றி எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இச்செய்தியைப் படிப்போர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

நம் வீட்டு வண்டி 1971இல் பதிவானது. ஓர் அரிசி ஆலைக்காரரிடமிருந்து நம் தந்தையார் 1976இல் அதனை வாங்கினார்கள். கைலி வணிகம் அவர்கள் தொழில். பின்னிருக்கையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்வார்கள். வலக்காலால் கியரையும் இடக்காலால் பிரேக்கையும் இயக்கும் அக்கால அமைப்பு அது. அந்தப் பழக்கத்தால், பிற்காலத்தில் வேறு வண்டியை ஓட்ட நேர்ந்தபோதெல்லாம் தந்தையார் தடுமாறுவார்கள். தெருக்கோடியில் அதன் ஓசை கேட்டதும் உம்மா அடுப்பில் தோசைக்கல்லை ஏற்றுவார்கள். 2009இல் தந்தையார் மறைந்தார்கள். அன்றிலிருந்து வண்டி கொட்டகையில் நின்றது. விற்கவும் மனம் இல்லை; ஓட்டவும் நேரம் இல்லை. போற்றுகிறோம் என்று நாமே நினைத்துக்கொண்டு, உண்மையில் அதனைத் துருவுக்கு இரையாக்கிக்கொண்டிருந்தோம்.

2020இல் பெருந்தொற்றின் காரணமாக மதரசா மூடப்பட்டது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த நம் மகனும் வீடு வந்து சேர்ந்தான். அவனே சாக்கை விலக்கினான். கிக்கரை மிதித்தால் அசையவில்லை. பதினோராண்டு ஈரத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகியிருந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பொறுமையுடன் காத்திருந்தோம். எட்டாம் நாள் காலையில் கிக்கர் ஒரு விரற்கடை இறங்கியது. அதன் பின்னர் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். கழற்றுமுன் படம் எடுத்துக்கொள்வதும், ஒவ்வோர் உறுப்பின் திருகுகளையும் தனித்தனித் தகர டப்பாவில் இட்டுப் பெயர் எழுதி ஒட்டுவதும் மகன் வகுத்த முறை. நம் ஊரின் முதிய வண்டி மேஸ்திரி, தந்தையார் காலத்திலிருந்தே இவ்வண்டியை அறிந்தவர், ஊரடங்கு தளர்ந்தபின் நாள்தோறும் அஸருக்குப் பின் வந்து திண்ணையில் அமர்ந்து வழிகாட்டினார்.

எதைப் புதுக்குவது என்ற வினாவுக்கு ஒரு பகுதி விடை எளிதாகவே கிடைத்தது. பிரேக் கட்டை, டயர், கிளட்ச் கேபிள், பிரேக் கேபிள், பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் பழமைக்குச் சலுகை காட்டலாகாது. தந்தையார் மிதித்த பிரேக் என்ற பாசத்தால் தேய்ந்துபோன கட்டையை விட்டுவைத்து, சாலையில் பிறர் பிள்ளைமீது மோதினால், அந்தப் பாசம் குற்றமாக முடியும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது; அது நீரை ஈர்க்கும் இயல்புடையது; பழைய ரப்பர்க் குழாயை அதற்குமேல் நம்புவதற்கில்லை. தேய்ந்த சிலிண்டரையும் லேத் பட்டறைக்கு அனுப்பிக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டன் இட்டோம். தன் தொழிலைச் செய்யமாட்டாத உறுப்பை மாற்றுவதில் நமக்குள் கருத்து வேற்றுமை எழவில்லை.

வேற்றுமை எழுந்தது பெட்ரோல் டேங்கில். அதன் வலப்புறத்தில் கையகலத்துக்கு ஒரு நெளிவு. சாயம் மங்கியிருந்தது. அதன் இருபுறமும் ஓடும் பொற்கோடு, ஆலையில் தொழிலாளர் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்த கோடு, சிற்சில இடங்களில் தேய்ந்திருந்தது. டிங்கரிங் செய்து நெளிவை எடுத்து, புதுச்சாயம் அடித்து, குரோமியம் முலாம் பூசினால் கடையிலிருந்து இன்றுதான் வந்தது போல இருக்கும் என்றான் மகன். இணையத்திலிருந்து பல படங்களை எடுத்துக் காட்டினான். அவற்றில் வண்டிகள் யாவும் மணமகன்போல் மின்னின. நமக்கும் ஆசை எழாமல் இல்லை.

திண்ணையில் இருந்த மேஸ்திரி எழுந்து வந்து நெளிவைத் தடவிப் பார்த்தார். "பாய், பெரிய பாய் வாய்க்கால் பாலத்துல விழுந்தாரே, அப்ப ஆனது இது. இதை எடுத்துட்டா வண்டி யாருதுன்னு எனக்கே தெரியாது" என்றார். மகன் சிரித்துவிட்டான். ஆனால் அன்று டேங்க் சாயக்கடைக்குப் போகவில்லை. உட்புறத் துருவை மட்டும் நீக்கி, வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து மெழுகிட்டு அப்படியே பூட்டினோம். திருவொற்றியூரில் என்றோ ஒரு நாள், பெயர் தெரியாத ஒருவர் மூச்சை அடக்கி இழுத்த கோட்டை, நம் ஆசைக்காக அழிக்கும் உரிமை நமக்கு இல்லை என்று தோன்றியது. புதியதுபோல் தோன்றச் செய்வது வேறு. பழையதைப் பழையதாகவே வாழச் செய்வது வேறு. முதலாவதில் காலம் நிகழவே இல்லை என்று நடிக்கிறோம். இரண்டாவதில் காலத்தை ஒப்புக்கொண்டு, அதன் கேட்டை மட்டும் தடுக்கிறோம்.

எனினும் மாற்றிய உறுப்புகள் பலவாயின. ஆகவே அடுத்த வினா எழுந்தது: இது அதே வண்டியா? இவ்வினா மிகப் பழையது. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு நகரத்தார் போற்றிக் காத்து, உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் இதனை மேலும் கடினமாக்கினார். கழித்த பழைய பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து அதே முறையில் இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது உண்மையான கப்பல் என்று கேட்டார். பழைய வண்டிச் சந்தையை அறிந்தோர்க்கு இது வெறுங்கற்பனையன்று. கழித்த உறுப்புகளைச் சேர்த்து வண்டி ஆக்குவோர் எல்லா ஊரிலும் உண்டு.

மேனாட்டார் இரும்பையும் மரத்தையும் வைத்து இவ்வினாவை அளந்தனர். நாம் பயின்ற கல்வி வேறோர் அளவுகோலைக் காட்டுகிறது. ஓலைச்சுவடியை எண்ணிப் பாருங்கள். ஓலை என்றும் நிலைப்பதன்று, செல்லரிக்கும், ஒடியும். அது கெடுமுன் புதிய ஓலையில் பெயர்த்து எழுதுவர். ஓலை மாறும், எழுத்தாணி மாறும், எழுதியவர் கையும் மாறும். ஆயினும் நூல் அதுவே என்கிறோம். எதனால்? இன்ன படியிலிருந்து இன்னார் பெயர்த்தார் என்ற தொடர்ச்சி இருப்பதனால். பெயர்த்தவர் தம் சொந்தச் சரக்கை மூலம் போலக் காட்டி இடையில் நுழைத்தாரானால், ஓலை எவ்வளவு பழையதாயினும் அது பழுதான படியே.

ஹதீஸ் கலையில் இதனை 'ஸனது' என்பர். ஒரு செய்தியை இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர் அது. தொடரில் வலுக்குறைந்த ஒருவர் இருப்பது ஒரு குறை. ஆனால் அக்குறையை மறைத்து, தொடர் சீராக இருப்பதுபோல் காட்டுவது வேறு வகைக் குறை. அதற்குத் 'தத்லீஸ்' என்று பெயர். நாம் வியக்கும் செய்தி என்னவெனில், வணிகச் சட்டத்திலும் இதே சொல் வழங்குகிறது. விற்கும் பொருளின் குறையை வாங்குவோன் கண்ணுக்குப் படாமல் மறைப்பதும் தத்லீஸே. அறிவுத் துறையின் பொய்க்கும் கடைத்தெருவின் பொய்க்கும் நம் முன்னோர் ஒரே பெயர் இட்டிருக்கின்றனர். இரண்டிலும் நிகழ்வது ஒன்றுதான்: பொருள் எவ்வழியே வந்தது என்பதை மறைத்தல்.

ஆகவே நம் விடை இது. மாற்றப்படாத இரும்பு எத்தனை விழுக்காடு என்பதைப் பொறுத்து ஒரு வண்டியின் 'அதுவாந்தன்மை' அமைவதில்லை. அறுபடாத பேணுதலாலும், மாற்றியதை மாற்றியதாகவே சொல்லும் உண்மையாலும் அது நிலைபெறுகிறது. சொல்லிவிட்டோம், சொல்வது எளிது. இதற்கு நாம் கொடுக்கவேண்டியிருந்த விலையை இனிக் கூறுகிறோம்.

தந்தையார் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தார்கள். கைலிக் கணக்கின் இடையிடையே வண்டிக்குச் செய்த செலவையும் எழுதுவார்கள். எல்லாம் அரபுத் தமிழில். நம் மகன் ஓதத் தெரிந்தவன். ஆனால் உயிர்க்குறி இல்லாமல் விரைந்து எழுதிய அந்தக் கையெழுத்தைப் படிக்கப் பழகியவனல்லன். 1986ஆம் ஆண்டின் பக்கம் ஒன்றில், பாலத்தில் விழுந்தபோது என்ஜின் கேஸ் கல்லில் மோதிப் பிளந்ததும், அதே வகைப் பழைய வண்டி ஒன்றின் கேஸை வாங்கி மாற்றியதும், புதிய எண்ணை முறைப்படி ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றியதும் எழுதப்பட்டிருந்தன. இயந்திர எண் கேஸின் மேல்தான் வெட்டப்பட்டிருக்கும். ஆகவே இவ்வண்டி பிறந்தபோது தாங்கிய எண் இப்போது அதில் இல்லை. 2022இல் வண்டி ஓடத் தொடங்கியபின் பதிவைப் புதுப்பித்தோம். அப்போது வந்த அட்டையில் இன்றைய எண் மட்டுமே உண்டு. பழைய புத்தகம் எப்போதோ தொலைந்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் எல்லாம் சரி. எண் மாறிய வரலாற்றை அறிந்தவர் உலகில் நாம் ஒருவரே.

2023இல் வெளியூரிலிருந்து ஓர் அன்பர் வந்தார். பழைய வண்டிகளைச் சேர்ப்பவர்; பண்பாளர். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்குத் தனிப்பதிவு வழங்க 2021இல் நடுவண் அரசு விதிகள் வெளியிட்டிருக்கிறது. வண்டி தன் மூல வடிவில் இருக்கவேண்டும் என்பதும், சேஸிலோ உடலமைப்பிலோ இயந்திரத்திலோ பெருமாறுதல் செய்யப்பட்டிருக்கலாகாது என்பதும் அதன் நிபந்தனை. அப்பதிவுக்கு உரிய வண்டியைத் தேடியே அவர் வந்திருந்தார். நெளிந்த டேங்கைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. சாயம் மாற்றாத வண்டி கிடைப்பது அரிது என்றார். இயந்திர எண்ணை அட்டையோடு ஒப்பிட்டார், இரண்டும் பொருந்தின. அவர் சொன்ன விலை, மகன் தொடங்க எண்ணியிருந்த பட்டறைக்கு முதலாகப் போதுமானது. நாளை வந்து முடித்துக்கொள்வதாகச் சொல்லிச் சென்றார்.

அன்றிரவு அந்தப் பக்கத்தை மகனுக்குப் படித்துக் காட்டினோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா, அவர் கேக்கலையே. கேட்டா பொய் சொல்லவேண்டாம். கேக்காததை நாமளா எதுக்குச் சொல்லணும்? கவர்ன்மென்ட் அட்டையே சரின்னு சொல்லுது" என்றான். இதனை இளைஞனின் பேராசை என்று தள்ளிவிடுவது நீதியன்று. அவன் வாதத்தில் வலு இருந்தது. நாம் எதையும் திருத்தவில்லை. எண்ணை அழித்து வெட்டவில்லை. மாற்றியவர் முறைப்படி பதிந்தவர். வாங்குவோர் தேர்ந்த அறிவுடையவர், வேண்டுமளவு சோதித்துக்கொண்டார். விற்பவன் தான் அறிந்த அனைத்தையும் கொட்டிக்கொண்டிருந்தால் சந்தையில் எப்பொருள்தான் விலைபோகும்? அவன் கேட்டது இதுதான்.

அவனுக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். படுக்கையில் நம் மனமும் அவன் பக்கமே சாய்ந்தது. 'இந்தக் கையெழுத்தை வேறு எவரும் படிக்கப் போவதில்லை' என்ற எண்ணம் தோன்றியது. நாற்பதாண்டுக் கல்வி நமக்கு அளித்த ஒரு திறனை, உண்மையைப் பூட்டிவைக்கும் பூட்டாக நாம் கருதிய அக்கணத்தை நினைத்தால் இன்றும் வெட்கம் வருகிறது. வாய்மூடி இருப்பது எப்போது பொய்யாகிறது என்பதற்கு அந்த இரவில் நாம் கண்ட அடையாளம் ஒன்றுண்டு. அவர் அறிந்தால் விலையை மாற்றுவாரா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். மாற்றமாட்டார் எனில் நம் மௌனம் சிறிய காரியம். மாற்றுவார் எனில், அந்த விலைவேற்றுமை நம் மௌனத்துக்கு அவர் கொடுக்கும் கூலியாகிறது. 1986இல் கிளட்ச் கேபிள் மாற்றியதை நாம் சொல்லாவிட்டால் குற்றமில்லை. என்ஜின் கேஸ் மாற்றியது அத்தகையதன்று. அவர் தேடி வந்ததே அதைத்தான்.

குறை மறைத்து விற்கப்பட்ட பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு. அதனைச் சட்ட நூல்கள் 'கியாருல் ஐப்' என்று கூறும். இதனை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். கடைத்தெருவில் குவித்திருந்த தானியத்துள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கக் கண்ட வரலாற்றையும் அறியாதார் இலர். மழையில் நனைந்தது தானியத்தின் குற்றமன்று. வணிகனின் குற்றமும் அன்று. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததே அவன் குற்றம். கல்லில் மோதிப் பிளந்தது வண்டியின் குற்றமன்று. ஆனால் நாம் அதனை அடியில் வைக்கவிருந்தோம்.

மறுநாள் அந்த அன்பர் முன்பணத்தோடு வந்தார். தேநீர் கொடுத்தபின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து, அப்பக்கத்தை வரிவரியாகப் படித்துப் பொருள் சொன்னோம். அவர் எழுந்து சென்று கேஸை மீண்டும் ஒருமுறை குனிந்து பார்த்தார். திரும்பி வந்து, தமக்குத் தனிப்பதிவே நோக்கம் என்றும், இயந்திரம் மாறிய வண்டிக்கு அது கிடைக்குமா என்பது ஐயமே என்றும், பாதி விலைக்குக் கேட்பது தமக்கே கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார். நன்றி கூறி விடைபெற்றார். வண்டி எங்கள் கொட்டகையிலேயே நின்றது. மகன் ஒரு வாரம் நம்மிடம் சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதற்கு மேல் பேசவில்லை. அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. நம் உண்மைக்கு விலை கொடுத்தவன் அவன் அல்லவா?

எட்டாம் நாள் மாலை அவனே வந்து, "பெத்தாப்பா வேற என்னெல்லாம் எழுதியிருக்காங்க?" என்று கேட்டான். படித்தோம். எந்த ஆண்டில் செயின் மாற்றியது, எந்த ஊர்ப் பட்டறையில் வால்வு தேய்த்தது, எவ்வளவு கூலி, எவரிடம் கடன் என்று வந்தது. அவன் ஒரு புதிய குறிப்பேட்டை எடுத்துவந்து, நாம் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதினான். அதன் பின்னர், 2020 முதல் தான் கழற்றியதையும் மாட்டியதையும் தேதியிட்டுத் தொடர்ந்து எழுதினான். விற்கும் எண்ணத்தை அவன் விட்டுவிட்டான் என்று சொல்வதற்கில்லை. என்றேனும் விற்றால், அக்குறிப்பேடும் வண்டியோடு போகும் என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

புதுக்கும் வேலை முடிந்த அன்றுதான் உண்மையான வேலை தொடங்கிற்று என்பதைப் பின்னரே அறிந்தோம். புதுக்குதலுக்கு ஒரு முடிவு உண்டு. அந்நாளில் ஊரார் வந்து பார்ப்பர், படம் எடுப்பர், பாராட்டுவர். பேணுதலுக்கு முடிவும் இல்லை, பாராட்டும் இல்லை. வாரம் ஒருமுறை வண்டியைக் கிளப்பவேண்டும். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைக் கண்டு, டிகம்ப்ரஷரைப் பிடித்துச் சிறிதே தள்ளி, அதனை விட்டுவிட்டுப் பின்னர் முழு மிதி மிதிக்கவேண்டும். அவசரப்படுவோனுக்கு அது இணங்காது. பாயிண்டைத் துடைத்து அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, டேப்பட்டின் தள்ளுகோல் விரலுக்குச் சுழலவேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. செயினுக்கு எண்ணெய் இடவேண்டும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து, உரியவரிடம் கொடுக்கவேண்டும். இவற்றுள் ஒன்றையும் எவரும் படம் எடுப்பதில்லை.

ஆயினும் அந்தச் சிறு வேலைகளின்போதுதான் குறை தன்னை முதலில் காட்டுகிறது. ஒரு துளி எண்ணெய்க் கசிவு, ஓசையில் ஒரு சிறு மாற்றம், கைப்பிடியில் புதிதாய் ஒரு நடுக்கம். இன்று கண்டுகொண்டால் ஒரு திருகைச் சற்று முடுக்கினால் போதும். ஓராண்டு கண்ணை மூடிக்கொண்டால் இயந்திரத்தையே பிரிக்க நேரும். நம் தந்தையார் 2009இல் விட்டுச்சென்ற வண்டியைப் பதினோராண்டு நாம் பாராதிருந்தோம். போர்த்தி வைத்ததையே பேணுதல் என்று எண்ணியிருந்தோம். போர்வை துருவைத் தடுக்கவில்லை. துரு நம் கண்ணில் படாமல் மட்டும் தடுத்தது. விற்கும் பொருளின் குறையைப் பிறர் கண்ணுக்கு மறைப்பதற்கு நெடுநாள் முன்பே, நாம் அதனை நம் கண்ணுக்கு மறைத்துவிடுகிறோம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நம் மகன் வண்டியை வெளியே எடுக்கிறான். டேங்கின் நெளிவு அப்படியே இருக்கிறது. மேஸ்திரி தொலைவிலிருந்தே ஓசையைக் கேட்டு, "பெரிய பாய் வண்டி வருது" என்கிறார். சிலிண்டர் கடைந்தாயிற்று, பிஸ்டன் புதிது, கேஸ் வேறொரு வண்டியினது. இவை அனைத்தும் அவருக்குத் தெரியும். தெரிந்தே அவ்வாறு சொல்கிறார்.